மெயில் சர்வர் கமாண்டை ஓட்டும்போது ஆர்கியுமென்ட் எங்கே முட்டுகிறது?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறிய அலுவலகத்துக்கு எக்ஸிம் மெயில் சர்வர் போட்டுக் கொடுத்திருந்தேன். புகார் முகவரிக்கு அஞ்சல் வந்தால், டூட்டியில் இருப்பவரின் ஃபோனுக்கு ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அஞ்சல் உள்ளே நுழையும்போதே அதை ஓட்டும்படி கான்ஃபிகரேஷனில் ஒரு வரி சேர்த்து, அஞ்சலின் தலைப்பையும் உடலின் முதல் பகுதியையும் ஸ்கிரிப்டுக்கு ஆர்கியுமென்டாக, அதாவது கமாண்டோடு சேர்த்து எழுதும் தகவலாக, கொடுத்தேன். என் ஃபோனிலிருந்து தமிழில் பத்து வரி எழுதி அனுப்பிப் பார்த்தேன். எஸ்எம்எஸ் வந்தது. தலைப்பு சரியாக இருந்தது. அதன் கீழே மட்டும் என்னவோ புரியாத எழுத்துகள். என்கோடிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து ஃபோன். "சார், சில பேர் அனுப்புற மெயில் வர்றதே இல்ல. நாலஞ்சு நாள் கழிச்சு அவங்களுக்கே திரும்பிப் போயிடுதாம்."

லாகைத் திறந்தால் "டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்" என்று வரிசையாக எரர். அதாவது, கமாண்டுக்குக் கொடுத்த ஆர்கியுமென்ட் அதிகமாகிவிட்டது. ஆனால் நான் கொடுத்தது இரண்டே இரண்டு. லினக்ஸ் எவ்வளவு அனுமதிக்கிறது என்று கெட்கான்ஃப் கமாண்டில் கேட்டால் 2097152 பைட், முழுசாக 2 எம்பி என்கிறது. திரும்பிப் போன அஞ்சலோ 2 கேபிகூட இல்லை. 2 எம்பி போகும் வாசலில் 2 கேபி எப்படி மாட்டும்?

மெயில் சர்வர் நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். "ஆர்கியுமென்ட் அளவு" என்று ஒற்றையாகச் சொன்னாலும் உள்ளே இருப்பது ஒரே எல்லை கிடையாது. எந்த எல்லையில் முட்டினோம் என்று தெரியாமல் லினக்ஸின் மையமான கெர்னலின் செட்டிங்கை நோண்டினால் பொழுது போகுமே தவிர, அஞ்சல் போகாது.

ஆர்கியுமென்ட் என்பது கவரின் மேல் எழுதுவது

ஒரு நிரலுக்குத் தகவல் கொடுக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஆர்கியுமென்ட். கமாண்டின் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாக எழுதுகிறோமே, அது. இரண்டாவது என்விரான்மென்ட் வேரியபிள்; நிரல் பிறக்கும்போதே அதன் பையில் போட்டு அனுப்பும் பெயரும் மதிப்பும். மூன்றாவது ஸ்டாண்டர்ட் இன்புட். ஒரு குழாயை மாட்டிவிட்டு, தகவலை அதில் ஊற்றிக்கொண்டே இருக்கலாம்; நிரல் தன் வேகத்தில் குடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டும் கவரின் மேல் எழுதும் முகவரி மாதிரி. யாருக்கு, யாரிடமிருந்து, எந்த எண் என்று சுருக்கமாக எழுதத்தான் அங்கே இடம். குழாய்தான் கவருக்குள் வைக்கும் கடிதம். அதற்கு நீள வரம்பு கிடையாது. ஆர்கியுமென்டும் என்விரான்மென்டும் நிரல் ஓட ஆரம்பிக்கும் முன்பே மொத்தமாக அதன் மெமரியில், ஸ்டேக் பகுதியில், பிரதி எடுத்து வைக்கப்படுகின்றன. அதனால்தான் கெர்னல் அவற்றுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெர்மினலில் நாம் கமாண்ட் அடிக்கும்போது நடுவில் ஷெல், அதாவது நாம் அடிப்பதைப் படித்து நிரல்களை ஓட்டும் நிரல், உட்கார்ந்திருக்கிறது. மெயில் சர்வர்கள் பெரும்பாலும் ஷெல்லைக் கூப்பிடுவதில்லை. எக்ஸிமின் பைப் டிரான்ஸ்போர்ட் (அஞ்சலை ஒரு நிரலுக்குக் கொடுக்கும் பகுதி), இன்னொரு மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸின் பைப் இரண்டுமே கமாண்ட் வரியைத் தாங்களே துண்டு போட்டு நேராகக் கெர்னலிடம் கொடுத்துவிடும். பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் "டெர்மினலில் ஓடியது, மெயில் சர்வரில் ஓடவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணமும் இதுதான். வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்ப நாம் போடும் அம்புக்குறிகூட, ஷெல் இல்லாத இடத்தில் இன்னொரு ஆர்கியுமென்டாகத்தான் போய்ச் சேரும்.

முதல் முட்டு: எண்ணிக்கை

எக்ஸிமை எழுதியவர் ஃபிலிப் ஹேசல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995இல் ஆரம்பித்தார். அதன் சோர்ஸ் கோடில், கமாண்டை ஆர்கியுமென்ட்களாக வெட்டும் இடத்தில், பட்டியலுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை பெறுநர் முகவரிகளோ அத்தனை இடம்; அதற்கு மேல் 60. யாருக்கும் இது போதும் என்கிற மாதிரி பக்கத்திலேயே ஒரு குறிப்பும் உண்டு. கணினி உலகில் "இது போதும்" என்று எழுதப்பட்ட எண்கள் எல்லாம் ஒருநாள் யாரையாவது கடித்திருக்கின்றன. அன்றைக்கு என்னை.

நான் கொடுத்தது இரண்டுதானே, 60 எங்கிருந்து வந்தது? நான் பயன்படுத்தியது எக்ஸிமின் "ரன்" என்ற விரிவாக்கம். கான்ஃபிகரேஷனுக்கு நடுவிலேயே ஒரு வெளிக் கமாண்டை ஓட்டி விடையை வாங்கித் தரும் வசதி அது. 4.96க்கு முந்தைய பதிப்புகளில் இதற்கு ஒரு குணம் இருந்தது. முதலில் வேரியபிள்களை விரித்து, அதாவது பெயரின் இடத்தில் மதிப்பை வைத்து, முழு வரியாக்கும், அதன் பிறகே இடைவெளி பார்த்துத் துண்டு போடும். அஞ்சல் உடலுக்கான வேரியபிள் டிஃபால்ட்டாக முதல் 500 பைட்டைத் தருகிறது; வரி முறிவுகளை இடைவெளியாக மாற்றிவிட்டுத் தருகிறது. 500 எழுத்து ஆங்கில உரையில் சுமாராக 80 சொற்கள் இருக்கும். விரித்த பிறகு வெட்டினால் ஒவ்வொரு சொல்லும் தனி ஆர்கியுமென்ட். 80 பேர் வந்து நிற்கிறார்கள், நாற்காலி 60தான்.

அப்படியானால் என் சோதனை அஞ்சல் எப்படிப் போனது? அதுவும் பத்து வரிக் கடிதம்தானே? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தபோதுதான் நானே சிரித்தேன். தமிழில் எழுதிய அஞ்சலை என் ஃபோன் பேஸ்64 ஆக, அதாவது வெறும் ஆங்கில எழுத்து, எண், ஓரிரு குறிகள் கொண்ட வரிகளாக, மாற்றி அனுப்பியிருந்தது. எக்ஸிம் தரும் அந்த வேரியபிள் உடலை டிகோட் செய்வதில்லை, வந்ததை வந்தபடி தரும். பேஸ்64 வரியில் இடைவெளியே கிடையாது. வரிக்கு 76 எழுத்து வீதம் 500 பைட்டுக்கு ஏழு துண்டு, அதற்கு முன்னால் வரும் பகுதித் தலைப்புகளுக்கு இன்னும் சில துண்டுகள். இருபதைத் தாண்டவில்லை. எஸ்எம்எஸ்ஸில் தலைப்புக்குக் கீழே வந்த அந்தப் புரியாத எழுத்துகள் பேஸ்64தான். துப்பு முதல் நாளே கைக்கு வந்திருக்கிறது. நான்தான் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆக, தமிழ் அஞ்சல் எவ்வளவு நீளமானாலும் போகும், சின்ன ஆங்கில அஞ்சலும் போகும், ஓரளவு நீளமான ஆங்கில அஞ்சல் மட்டும் நிற்கும். இதை ஃபோனில் கேட்டால் யாரும் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அஞ்சல்கள் உடனே திரும்பாமல் நாலைந்து நாள் கழித்துத் திரும்பியதற்கும் காரணம் உண்டு. விரிவாக்கம் தோற்றதும் எக்ஸிம் அனுப்பியவரின் சர்வரிடம் 451 என்று தற்காலிகப் பிழை சொல்லியிருக்கிறது. தற்காலிகம் என்று கேட்ட சர்வர் விடாமல் திரும்பத் திரும்ப முயலும்; கைவிடுவதற்கு முன் குறைந்தது 4, 5 நாள் முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதியான ஆர்எஃப்சி 5321இன் பரிந்துரை. ஒவ்வொரு முறையும் அதே சுவரில் அதே முட்டு.

4.96இலிருந்து எக்ஸிம் வரிசையை மாற்றிவிட்டது. முதலில் வெட்டு, பிறகு விரிவு. இப்போது உடல் முழுவதும் ஒரே ஆர்கியுமென்டாகப் போகும். பழைய நடத்தைதான் வேண்டும் என்றால் "பிரீஎக்ஸ்பாண்ட்" என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பைப் டிரான்ஸ்போர்ட்டில் மட்டும் முன்பிருந்தே வெட்டியபின் விரிவுதான். அதனால் அங்கே இந்தச் சிக்கல் அபூர்வம். அப்கிரேடு செய்தாலே என் எரர் போயிருக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த முட்டு காத்திருந்திருக்கும்.

இரண்டாவது முட்டு: கெர்னலின் பைட் கணக்கு

இங்கே எரரின் வாசகமே வேறு: "ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்". இதைச் சொல்வது மெயில் சர்வர் கிடையாது, கெர்னல். உள்ளே இதன் பெயர் இ-டூ-பிக், எண் 7. புது நிரலைத் தொடங்கச் சொல்லிக் கெர்னலிடம் கேட்கும் அழைப்பான (சிஸ்டம் கால்) எக்ஸெக்-வி-ஈ தோற்கும்போது இது வரும்.

லினக்ஸ் இரண்டு அளவுகளைப் பார்க்கிறது. ஆர்கியுமென்ட்களும் என்விரான்மென்ட் வேரியபிள்களும் சேர்ந்த மொத்தம் ஒன்று. 2007இல் வந்த 2.6.23 பதிப்புக்கு முன்பு அந்த மொத்தமே 128 கேபிதான். அதற்குப் பிறகு, ஸ்டேக் வரம்பில் கால் பங்கு என்று மாற்றினார்கள். ஸ்டேக் வழக்கமாக 8 எம்பி; கால் பங்கு 2 எம்பி. கெட்கான்ஃப் காட்டிய 2097152 இந்தக் கணக்குதான்.

இன்னொரு அளவு பலர் கண்ணில் படாதது. ஒரே ஒரு ஆர்கியுமென்ட், அல்லது ஒரே ஒரு வேரியபிள், 131072 பைட்டுக்குள் இருக்க வேண்டும். முடிவைக் குறிக்கும் வெற்று பைட்டும் அதில் அடக்கம். 4 கேபி பக்கங்கள் 32. மொத்தத்தில் 2 எம்பி காலி இருந்தாலும் ஒரு துண்டு மட்டும் 128 கேபியைத் தொட்டால் கதை முடிந்தது. ஸ்டேக் வரம்பைக் கூட்டினாலும் இந்த எண் அசையாது, அது கெர்னலுக்குள் எழுதிவைத்த எண்.

மெயில் ஸ்கிரிப்ட்களில் இந்த முட்டு எப்படி வருகிறது என்று பாருங்கள். இணைப்பாக வந்த படத்தை பேஸ்64 ஆகவே எடுத்து ஒரு ஷெல் வேரியபிளில் வைத்துக்கொண்டு, அதை, இணையத்தில் தகவல் அனுப்பும் கர்ல் கமாண்டுக்கு ஆர்கியுமென்டாகக் கொடுத்து எங்கேயோ ஒரு இணையச் சேவையின் ஏபிஐக்கு அனுப்புகிறார்கள். பேஸ்64 என்பது மூன்று பைட்டை நான்காக்கும் வித்தை. ஆகவே 96 கேபி படம் 128 கேபி எழுத்தாகிறது. அதாவது கணக்காக 131072. வெற்று பைட்டுக்கு இடமில்லை. 90 கேபி படம் போகிறது, 100 கேபி படம் போகவில்லை என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் ஸ்கிரிப்டைப் பார்க்காமலே விடை சொல்லிவிடுவேன்.

கூடவே வரும் ஒரு குழப்பம்: அதே வேரியபிளை எக்கோ கமாண்டால் திரையில் காட்டச் சொன்னால் அழகாக வரும். ஏனென்றால் எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது; புது நிரல் தொடங்க வேண்டியதில்லை, எக்ஸெக்-வி-ஈ கூப்பிடப்படுவதே இல்லை, எல்லையும் இல்லை. கர்ல் வெளி நிரல், அதற்கு உண்டு.

அந்த வேரியபிளை எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் இன்னும் வேடிக்கை. எக்ஸ்போர்ட் ஆனது எல்லாம் அடுத்து ஓடும் ஒவ்வொரு கமாண்டின் பையிலும் ஏறிக்கொள்ளும். அதன் பிறகு, ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் என்று அடித்தால்கூட "ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்" என்று வரும். ஒரு ஆர்கியுமென்டும் கொடுக்கவில்லை, எப்படி நீளம்? பையின் கனம்தான்.

பைட் என்றதும் நம் எழுத்தின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். எழுத்துகளை பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் "க" 3 பைட். "கு" என்பது உண்மையில் இரண்டு குறிகள், 6 பைட். எழுத்தை எண்ணி 500தானே என்று நினைத்தால், கெர்னல் அதை ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எண்ணியிருக்கும்.

எங்கே முட்டியது என்று கண்டுபிடிப்பது

முதலில் எரர் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். "டூ மெனி" என்றால் எண்ணிக்கை, மெயில் சர்வர் சொல்கிறது. "டூ லாங்" என்றால் பைட், கெர்னல் சொல்கிறது. இந்த ஒரு சொல்லைக் கவனித்திருந்தால் எனக்கு ஒரு மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும்.

எண்ணிக்கைச் சிக்கல் என்றால் கமாண்ட் வரி விரிந்த பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸிமில் மைனஸ் பி-ஈ-எம் என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஓர் அஞ்சலை ஃபைலாகச் சேமித்து அதன் பெயரைக் கொடுத்தால், அந்த அஞ்சலை வைத்துக்கொண்டு எந்த விரிவாக்கத்தையும் டெர்மினலிலேயே சோதித்துப் பார்க்கலாம். சிக்கல் செய்த அஞ்சல் ஒன்றையும் செய்யாத அஞ்சல் ஒன்றையும் இப்படி ஓட்டிப் பார்த்தால் போதும். நான் செய்ததும் இதைத்தான். பேஸ்64 விஷயம் வெளியே வந்தது இங்கேதான்.

கெர்னல் எரர் என்றால் எஸ்ட்ரேஸ்; ஒரு பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி. சர்வர் பிராசஸின் மேல் அதை மாட்டி, பிள்ளை பிராசஸ்களையும் தொடரச் சொல்லி, எக்ஸெக்-வி-ஈ மட்டும் காட்டச் சொன்னால் எந்தக் கமாண்ட் தொடங்கும்போது இ-டூ-பிக் வந்தது என்று தெரிந்துவிடும். பல நேரம் மெயில் சர்வர் ஸ்கிரிப்டைச் சரியாகவே ஓட்டியிருக்கும். ஸ்கிரிப்ட் கூப்பிடும் மூன்றாவது கமாண்டில்தான் முட்டியிருக்கும். மெயில் சர்வரைத் திட்டும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், உங்கள் டெர்மினலில் கெட்கான்ஃப் சொன்ன எண் உங்கள் டெர்மினலுக்கானது. லினக்ஸில் சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி தொடங்கிய சர்வீஸுக்கு ஸ்டேக் வரம்பு வேறாக இருக்கலாம், என்விரான்மென்டும் வேறு. பிராக் அடைவில் அந்த பிராசஸின் எண்ணுக்குக் கீழே லிமிட்ஸ் என்ற ஃபைல் இருக்கும். உண்மையான ஸ்டேக் வரம்பு அதில்தான். வரம்பே இல்லை என்று வைத்தாலும் 2017இல் வந்த 4.13 கெர்னலிலிருந்து மொத்தம் 6 எம்பிக்கு மேல் விடாது.

போஸ்ட்ஃபிக்ஸ் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பைப்பில் பெறுநர் என்ற மேக்ரோ ஆளுக்கு ஓர் ஆர்கியுமென்டாக விரியும். ஆனால் ஒரு டெலிவரிக்கு 50 பெறுநர் என்பது டிஃபால்ட். ஒரு முகவரி 256 பைட்டுக்குள்தான் என்று வைத்தாலும் 50 பேருக்கு 13 கேபியைத் தாண்டாது. அந்த 50ஐ நீங்களே ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்தாலொழிய முகவரிகளால் கெர்னலை முட்டுவது கஷ்டம். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் கையாளத் தெரிந்த ஸ்கிரிப்ட் என்றால் அந்த டிரான்ஸ்போர்ட்டுக்கு மட்டும் எண்ணை 1 ஆக்கிவிடுங்கள்.

கடிதம் கவருக்குள் போகட்டும்

நான் கடைசியில் செய்தது இது. "ரன்" வரியை எடுத்துவிட்டேன். புகார் முகவரிக்கு ஒரு ரவுட்டர் (அஞ்சல் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் எக்ஸிம் விதி) சேர்த்து, அதில் "அன்சீன்" என்று போட்டேன். அப்படிப் போட்டால் அஞ்சலின் ஒரு பிரதி இந்தப் பக்கம் வரும், அசல் தன் வழியில் பெட்டிக்குப் போகும். பிரதி ஒரு பைப் டிரான்ஸ்போர்ட்டுக்குப் போகிறது. அது முழு அஞ்சலையும் ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாக ஸ்கிரிப்டுக்கு ஊற்றுகிறது. ஆர்கியுமென்ட் என்று போவது மூன்றுதான்: அனுப்பியவர், பெறுபவர், அஞ்சலின் அடையாள எண்.

கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் உண்டு. பைப் டிரான்ஸ்போர்ட்டின் காத்திருப்பு நேரம் டிஃபால்ட்டாக 1 மணி. எஸ்எம்எஸ் கேட்வே தொங்கினால் அதுவும் தொங்கும், எனவே 1 நிமிடமாகக் குறைத்தேன். ஸ்கிரிப்ட் தோற்றால் புகார் கொடுத்தவருக்கு பவுன்ஸ் (அஞ்சல் சேரவில்லை என்ற அறிவிப்பு) போய்விடக் கூடாது என்பதற்காக முடிவுக் குறியீட்டைப் பொருட்படுத்தாதே என்றும் போட்டேன். இதுவே அஞ்சலைச் சேமிக்கிற முக்கியமான ஸ்கிரிப்டாக இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. தற்காலிகத் தோல்விக்கு 75 என்ற எண்ணோடு ஸ்கிரிப்ட் முடிய வேண்டும். எக்ஸிமும் போஸ்ட்ஃபிக்ஸும் அதைப் பார்த்து அஞ்சலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். நிரலைத் தொடங்கவே முடியாதபோது வரும் 127ஐ எக்ஸிம் நிரந்தரத் தோல்வியாக எடுத்துக்கொண்டு அஞ்சலைத் திருப்பிவிடும்.

ஸ்கிரிப்டுக்குள்ளும் அதே ஒழுங்குதான். கர்லுக்கு உடலை ஆர்கியுமென்டாகக் கொடுக்காமல் அதன் இன்புட்டிலிருந்து படிக்கச் சொல்லலாம். நூற்றுக்கணக்கான ஃபைல் பெயர்களை ஒரு கமாண்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஆர்க்ஸ் இருக்கிறது. அது தானே அளவு பார்த்து கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொடுக்கும்.

பாதுகாப்பு என்று பார்த்தாலும் இந்த வழியே மேல். வெளியாள் எழுதியதைக் கமாண்ட் வரியில் வைக்கிறோம் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். கழித்தல் குறியோடு தலைப்பு எழுதினால் ஸ்கிரிப்ட் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளக்கூடும். 2019 ஜூனில் எக்ஸிம் 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில் ஒரு ஓட்டை வெளியானது. பெறுநர் முகவரிக்குள்ளேயே இந்த "ரன்" விரிவாக்கத்தை எழுதி அனுப்பினால் சர்வர் அதை ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓட்டிவிடும். என் கான்ஃபிகரேஷன் அந்த ரகம் இல்லைதான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்போது ஸ்கிரிப்ட் பைத்தானில் இருக்கிறது. அதன் ஈமெயில் மாட்யூல் பேஸ்64ஐத் தானே பிரித்துத் தருகிறது, ஆங்கிலமோ தமிழோ வித்தியாசம் இல்லை. ஒரு எல்லை மட்டும் இன்னும் இருக்கிறது, அதற்கு மெயில் சர்வரும் கெர்னலும் பொறுப்பில்லை. ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும் எஸ்எம்எஸ், தமிழில் எழுதினால் 70 குறிகளோடு நின்றுவிடும். அதனால் உடலை விட்டுவிட்டேன். அனுப்பியவர் பெயரும் தலைப்பும் மட்டும் ஃபோனுக்குப் போகின்றன.